பெட்டிக்குள் பிக்கப்: வாசகர் கேள்விகள்

சிவப்பு நிறத்தில், பின்னால் மரச்சட்டம் வைத்து, மரக்கறி ஏற்றிய ஒரு பிக்கப் வண்டி. ஒன்றோடொன்று பூட்டும் பிளாஸ்டிக் பிரிக் கட்டிகளால் செய்த பொம்மை மாதிரி. இந்தப் படம் வட்ஸ்அப்பில் மலையகம் முழுக்கச் சுற்றுகிறது. அதனால் இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: புதிதாக வெளிவந்த லெகோ பிக்கப் என்று ஒரு பேஸ்புக் பக்கத்தில் விளம்பரம். விலை 9,500 ரூபா. "ஒரிஜினல், பொக்ஸ் மட்டும் இல்லை" என்கிறார்கள். வாங்கலாமா?
— ஹட்டன்

பதில்: நீங்கள் அனுப்பிய படம் புது வண்டி அல்ல. அது 2021 ஒக்டோபரில் விற்பனைக்கு வந்த 10290 இலக்க லெகோ பிக்கப். 1,677 துண்டுகள். அமெரிக்காவில் அப்போதைய விலை 129.99 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் சுமார் 39,000 ரூபா. கப்பல் கூலியும் வரியும் அதற்கு மேலே. அதை ஒருவர் 9,500க்கு உங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து தருகிறார் என்றால், அவர் தருவது வேறு பொருள்.

பணம் கொடுக்கும் முன் நான்கு படம் கேளுங்கள். ஒன்று, பிரிக்கின் மேலே நிற்கும் குமிழ், மிகக் கிட்டத்தில். ஸ்டட் என்று சொல்லும் அந்தக் குமிழ் ஒவ்வொன்றிலும் லெகோ என்ற எழுத்து மேலெழும்பி நிற்க வேண்டும். இரண்டு, பைகள், இலக்கமிட்டு, முத்திரை உடையாமல். மூன்று, கட்டும் புத்தகத்தின் அட்டை. நான்கு, இன்றைய பத்திரிகையை அருகில் வைத்து எடுத்த படம். கடைசிப் படத்தைக் கேட்டதும் பல பேர் காணாமல் போவார்கள். உங்களுக்குச் செலவும் இல்லை.

"பொக்ஸ் இல்லை" என்பது எப்போதும் பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் போலித் தொகுதிகள் பெரும்பாலும் பெட்டியில்லாமல்தான் கப்பலேறுகின்றன, பாரம் குறையட்டும் என்று. அதனால் பெட்டியும் இல்லை, குமிழில் எழுத்தும் இல்லை, விலையும் கால்வாசி என்றால் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: பெட்டியில் 18+ என்று போட்டிருக்கிறது. பிள்ளைகளுக்குக் கூடாத ஏதாவது உள்ளே இருக்கிறதா?
— நாவலப்பிட்டி

பதில்: கரட் இருக்கிறது. 18+ என்பது வளர்ந்தவர்களைக் குறிவைத்த விற்பனை முத்திரை. பொறுமையுள்ள பன்னிரண்டு வயதுப் பிள்ளை தாராளமாகக் கட்டும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் சிறு துண்டுகளைக் கவனியுங்கள், தொண்டையில் சிக்கும்.

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்கு ஒரு பிக்கப் வாங்கினேன். "லெகோ" என்றுதான் சொன்னார்கள். 12,000 ரூபா வங்கியில் போட்டேன். வந்ததில் ஒரு பை குறைவு, கதவு மூடவில்லை, முன் சக்கரம் கழன்று விழுகிறது. விற்றவர் என் இலக்கத்தை புளொக் செய்துவிட்டார். மகன் ஒன்றும் சொல்லவில்லை, பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டான்.
— ஒரு தந்தை, தலவாக்கலை

பதில்: அண்ணன், இதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. பெயர் சொல்லி விற்றார், நம்பி வாங்கினீர்கள். ஒரு பொருளை இன்னதென்று விவரித்து விற்றால் அது அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். இது நம் நாட்டில் 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் தொட்டு இருக்கும் விதி.

இன்றைக்கே செய்ய வேண்டியவை. அந்த விளம்பரம், உரையாடல், அவருடைய பக்கத்தின் பெயரும் முகவரியும், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை அந்தப் பக்கமே இருக்காது. வங்கிச் சிட்டையைத் தனியாக வையுங்கள், அதில்தான் அவருடைய கணக்கின் பெயர் இருக்கிறது. கூரியர் உறையை எறிந்துவிடாதீர்கள். அனுப்பியவரின் இலக்கம் அதில் இருக்கும். பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். ஏமாற்றிப் பணம் பெற்றார் என்பதால் உங்கள் பொலிஸ் நிலையத்திலும் ஒரு முறைப்பாடு பதியுங்கள். வங்கியில் போட்ட பணம் தானாகத் திரும்பாது. ஆனாலும் வங்கிக்கு எழுதி வையுங்கள், அதே கணக்கின் மேல் இன்னொருவரும் எழுதியிருக்கக் கூடும்.

இனி மகனுக்காக. கதவு ஏன் மூடவில்லை? நல்ல பிரிக்கில் ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர், பிரிக்கின் உயரம் 9.6, பிளேட் என்ற தட்டைத் துண்டின் உயரம் 3.2. மலிவு அச்சில் ஒரு துண்டு 0.02 மில்லிமீட்டர் கூடினால் கண்ணுக்குத் தெரியாது. இருபது துண்டு வரிசையாக நின்றால் 0.4 மில்லிமீட்டர். கதவுக்கும் தூணுக்கும் நடுவே விட்டிருக்கும் இடமே அவ்வளவுதான். ஆக கதவை அழுத்திப் பயனில்லை. கதவுக்கு முன்னும் பின்னும் உள்ள சுவரைக் கழற்றி, துண்டுகளைச் சமதளத்தில் வரிசையாக வைத்து, துருத்தி நிற்பவற்றை வண்டியின் அடித்தட்டுக்குள் மாற்றிவிடுங்கள். அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள். அப்படியும் இறுகினால் 1000 இலக்க மண் தாளைத் தண்ணீரில் நனைத்து, கதவின் ஓரத்தை இரண்டு இழுவை. அதற்கு மேல் வேண்டாம்.

சக்கரம் கழல்வது அச்சாணி மெலிந்ததால். அச்சாணியின் நுனியில் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு பூச்சு பூசி, ஓர் இரவு முழுக்கக் காயவிட்டு, பிறகு பொருத்துங்கள். சூப்பர் குளூ மட்டும் தொடாதீர்கள்; சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும், துண்டும் நிரந்தரமாக ஒட்டிவிடும். என் அலமாரியில் பெயரில்லாத ஜீப் ஒன்று அந்தக் கோலத்தில்தான் நிற்கிறது.

குறைந்த பையில் என்னென்ன இருந்திருக்கும் என்று அறிய, அசல் 10290இன் கட்டும் புத்தகத்தை லெகோவின் தளத்தில் இலவசமாக இறக்கலாம். கடைசிப் பக்கங்களில் எல்லாத் துண்டுகளின் பட்டியலும் இருக்கும். உங்களுடையது நகல் என்பதால் நிறம் சற்று மாறலாம், வடிவம் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

கேள்வி: எல்லாப் பைகளையும் ஒரே நேரத்தில் உடைத்து ஒரு பேசினில் கொட்டிவிட்டோம். இப்போது துண்டு தேட முடியவில்லை, அலுத்துவிட்டது. பெட்டியையும் எரித்துவிட்டோம். கடையில் திருப்பிக் கொடுத்தால் எடுப்பார்களா?
— பண்டாரவளை

பதில்: எடுக்கமாட்டார்கள், எடுக்கவும் கூடாது. பையில் 1, 2, 3 என்று இலக்கம் போட்டிருப்பது அழகுக்கு அல்ல. நிறத்தால் பிரிக்காதீர்கள், வடிவத்தால் பிரியுங்கள். ஒரே சிவப்புக் குவியலில் சிவப்புத் துண்டைத் தேடிப் பாருங்கள், ஏன் என்று விளங்கும். ஓர் ஞாயிற்றுக்கிழமை போகும்.

கேள்வி: புதிய மாதிரி ஒன்று அறிவிக்கப்பட்டதும் நண்பர் வட்டத்தில் ஒரே சண்டை. ஒருவர் "துண்டுக்கு எத்தனை சதம்" என்று கணக்குப் போடுகிறார். இன்னொருவர் டெக்னிக் வகைதான் உண்மையான வண்டி என்கிறார். படத்தை மட்டும் பார்த்து எப்படி முடிவெடுப்பது?
— நுவரெலியா

பதில்: துண்டுக் கணக்கு எளிது, ஆனால் அரைக் கணக்கு. 10290ஐ எடுத்தால் 129.99 டொலருக்கு 1,677 துண்டு: துண்டுக்கு ஏழே முக்கால் சதம். 2023இல் வந்த 10317 இலக்க லாண்ட் ரோவர் டிஃபெண்டர் 90, 239.99 டொலருக்கு 2,336 துண்டு: பத்து சதத்துக்கு மேல். டிஃபெண்டர் மோசமென்று இதிலிருந்து சொல்ல முடியாது. அதில் வாகன நிறுவனத்தின் பெயருக்கு உரிமம் வாங்கியிருக்கிறார்கள். பிக்கப்போ 1950களின் சாயலில் செய்த, எந்தக் கம்பனியின் பெயரும் இல்லாத வண்டி. தவிர, 1×1 டைல், அதாவது குமிழில்லாத சின்னத் தட்டை, ஒன்றும் ஒரு துண்டு, பெரிய டயர் ஒன்றும் ஒரு துண்டு. எண்ணிக்கையைக் கூட்டுவது சுலபமான வேலை.

டெக்னிக், அதாவது பற்சக்கரமும் அச்சும் வைத்து இயங்கும் பாகங்களோடு கட்டும் லெகோ வகை, பற்றிய விவாதம் வேறு. 10290 வந்த அதே 2021இல் வெளியான 42126, ஃபோர்ட் எஃப்-150 ராப்டர், 1,379 துண்டு. உருட்டினால் வி6 எஞ்சினின் பிஸ்டன்கள் ஏறி இறங்கும், நான்கு சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் உண்டு. ஆனால் கிட்டத்தில் பார்த்தால் உடம்பெல்லாம் ஓட்டை, பலகைகளுக்கு நடுவே இடைவெளி. 10290இல் கதவு, பொனட், பின்கதவு திறக்கும், ஸ்டியரிங் திரும்பும், மரச்சட்டம் கழன்று வரும்; சஸ்பென்ஷன் கிடையாது. ஒன்று உருட்டிப் பார்க்க, மற்றது அலமாரியில் வைத்துப் பார்க்க. எது "உண்மையான வண்டி" என்று சண்டை போடுகிறவர்கள் இரண்டு வேலைக்கும் ஒரே கருவியைத் தேடுகிறார்கள்.

அறிவிப்புப் படத்தில் நான் முதலில் பார்ப்பது சக்கரம். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் போகும் அளவு இடைவெளி தெரிந்தால், வடிவமைப்பாளருக்குச் சரியான அளவு டயர் கிடைக்கவில்லை என்று பொருள். வண்டி முழுவதும் அந்தக் குறை தெரியும். அடுத்து பக்கவாட்டு வளைவு. பிக்கப்பின் உருண்டை மட்கார்டை நிமிர்ந்து நிற்கும் குமிழ்களால் கட்ட முடியாது, துண்டுகளைப் பக்கமாகத் திருப்பிப் பொருத்த வேண்டும். அதைச் செய்திருந்தால் வளைவில் குமிழ் தெரியாது. மூன்றாவது, பின்பக்கப் படம். அறிவிப்பில் முன்பக்கம் ஐந்து படம், பின்பக்கம் ஒன்றுமில்லை என்றால் விமர்சனம் வரும்வரை பொறுங்கள். நான்காவது, எழுத்துகள் அச்சிட்டவையா ஸ்டிக்கரா என்பது. உங்கள் ஊர்க் குளிரில் ஸ்டிக்கரின் மூலை முதலில் எழும்பும்.

கேள்வி: அடுத்து வரவிருக்கும் மாதிரிக்கு 15,000 ரூபா அட்வான்ஸ் கட்டினால் "முதல் லொட்டில்" தருவதாகச் சொல்கிறார்கள். விலை கேட்டால் "இன்பொக்ஸ்" என்கிறார்கள். கட்டலாமா?
— கொட்டகலை

பதில்: கட்ட வேண்டாம். இந்த இரண்டு விஷயமும் எனக்கு ஆகாதவை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் இன்பொக்ஸ் விலை. கடையில் விற்கும் பொருளின் விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்தின் அடிப்படை. ஹட்டன் சந்தையில் லீக்ஸ் விற்கிறவர் மட்டையில் விலை எழுதி வைக்கிறார். முப்பதாயிரம் ரூபாப் பொருளை விற்கிறவருக்கு மட்டும் விலை ஏன் இரகசியம்? உங்கள் புரொஃபைலைப் பார்த்து, வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, ஆளுக்கொரு விலை சொல்வதற்கு. கொழும்பில் ஒரு விலை, கொட்டகலையில் ஒரு விலை. விலை எழுதாத விளம்பரத்துக்குப் பதிலே போடாதீர்கள். "விலை?" என்று நூறு பேர் கேட்பதுதான் அந்தப் பதிவை இன்னும் ஆயிரம் பேருக்குக் காட்டுகிறது.

அடுத்து அட்வான்ஸ். இன்னும் விற்பனைக்கு வராத பொருளுக்கு முன்பணம் கேட்பவர், உங்கள் பணத்தில்தான் அதை வாங்கப் போகிறார். டொலர் ஏறினால் "விலை கூடிவிட்டது, இன்னும் ஆறாயிரம் போடுங்கள்" என்பார். இறங்கினால் பேச்சே இருக்காது. கப்பல் தாமதம், சுங்கம் தாமதம், சுகமில்லை. ஆறு மாதம் போனதும், மூன்று மாத முறைப்பாட்டுக் கெடு எங்கிருந்து எண்ணுவது என்ற தலைவலி உங்களுக்கு. அந்த மாதிரியின் உத்தியோகபூர்வப் படத்தை எடுத்துத் தன் பெயரை மேலே ஒட்டி "எங்களிடம் மட்டும்" என்று போடுகிறார்கள். கையில் பொருளே இல்லை, படம் மட்டும்தான் இருக்கிறது. சம்பளத்தில் பாதியை முன்பணமாகக் கட்டிவிட்டு, வருமா வராதா என்று ஒவ்வொரு நாளும் மெசேஜ் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

கட்டாயம் முன்பதிவு செய்யத்தான் வேண்டும் என்றால்: பதிவுசெய்த கடை, பெயர் அச்சிட்ட பற்றுச்சீட்டு, அதில் தொகுதியின் இலக்கம், முழு விலை, தரும் கடைசித் திகதி, தராவிட்டால் முழுப்பணமும் திரும்பும் என்ற ஒரு வரி. கட்டணம் அட்டையில், தகராறு வந்தால் அந்தக் கட்டணத்தை மறுத்து, பணத்தைத் திருப்பித் தரும்படி வங்கியிடம் கோரலாம். தனியாளின் கணக்குக்கு ஒரு சதமும் போடாதீர்கள். பற்றுச்சீட்டுக் கேட்டால் வியாபாரி தந்தாக வேண்டும். "எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை" என்று சொல்பவரிடம் உங்களுக்கும் அந்தப் பழக்கம் வேண்டாம்.

கேள்வி: மௌல்ட் கிங், காடா போன்ற சீனக் கம்பனிகளின் பிரிக்குகளும் கள்ளச் சரக்குத்தானே?
— பதுளை

பதில்: வேறு பெயர் என்பதாலேயே கள்ளச் சரக்கு ஆகாது. குமிழும் குழாயும் கவ்வும் முறைக்கு லெகோ 1958 ஜனவரி 28இல் காப்புரிமை கோரியது. அந்த உரிமை காலாவதியாகிப் பல தசாப்தங்கள் ஆகின்றன. பிரிக்கின் வடிவத்தையே வணிகக் குறியாக வைத்திருக்கும் முயற்சியையும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் மறுத்தது. சொந்தப் பெயரில், சொந்த வடிவமைப்பில் யாரும் செய்யலாம். அடுத்தவன் தொகுதியை அப்படியே நகலெடுத்து விற்பதுதான் குற்றம். அப்படிச் செய்த லெபின் வழக்கில் சீன நீதிமன்றம் 2020இல் சிறைத் தண்டனை கொடுத்தது. நேர்மையான வேறு பெயரை நேர்மையான விலைக்கு வாங்குவதில் வெட்கம் இல்லை.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுப்பித்தால் மலிவா?
— மஸ்கெலியா

பதில்: பெரும்பாலும் இல்லை. சுங்கம் பொருளின் விலையை மட்டும் பார்ப்பதில்லை. அனுப்பும் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கு வரி. அதற்கு மேல் 18 சதவீத வற், அதாவது பெறுமதி சேர் வரி. பெரிய பெட்டிக்குக் கூலியே பொருளின் பாதி வரும். உறவினர் ஊருக்கு வரும்போது பைகளை மட்டும் பயணப்பெட்டியில் கொண்டுவரச் சொல்லுங்கள், அட்டைப் பெட்டியை மடித்து அடியில் வைக்கலாம்.

கேள்வி: பனியும் ஈரமும் எங்கள் வீட்டில் வருடம் முழுக்க. விறகடுப்புப் புகையும் உண்டு. கட்டிய வண்டி கெட்டுப்போகுமா?
— ஹப்புத்தளை

பதில்: பிரிக் ஏபிஎஸ் பிளாஸ்டிக், ஈரம் அதை ஒன்றும் செய்யாது. கெடுவது புத்தகம், பெட்டி, ஸ்டிக்கர், மின்கலப் பெட்டியின் உலோகத் தகடு. மின்கலம் இருந்தால் கழற்றியே வையுங்கள். புத்தகத்தை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் போடுங்கள்.

புகை படிந்தால் துடைக்காதீர்கள், கீறல் விழும். கழற்றி, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவையுங்கள். 40 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது. ஸ்டிக்கர் ஒட்டியவற்றை ஊறவிடாமல் ஈரத்துணியால் ஒற்றுங்கள். நிழலில் உலர்த்துங்கள், குமிழுக்குள் தண்ணீர் நின்றபடி பூட்டினால் வெள்ளைக் கறை விழும். அடுப்புக்கு மேல் தூக்கிக் காயவைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

உண்மையான எதிரி ஜன்னல். உயரம் கூடக் கூட புற ஊதாக் கதிரும் கூடும், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து வீதம். உங்கள் ஊர் மேகமாகத்தான் இருக்கும், ஆனாலும் வெள்ளையும் இளஞ்சாம்பலும் மஞ்சள் பூக்கும். இன்னொன்று: கருஞ்சிவப்பு, செம்பழுப்புத் துண்டுகளில் பழைய தயாரிப்புகள் நொறுங்குவது பேர்போனது. பழைய தொகுதி வாங்கினால் அந்த நிறக் கிளிப்புகளைப் பல்லாலோ கத்தியாலோ நெம்பாமல், பிரிப்பான் என்ற சிறு பிளாஸ்டிக் கருவியால் மட்டும் கழற்றுங்கள்.

கேள்வி: எனக்கு அமெரிக்க வண்டி வேண்டாம். அப்பா ஓட்டும் டிமோ பட்டாவையே பிரிக்கில் கட்ட ஆசை. எங்கே தொடங்குவது?
— ராகலை

பதில்: இந்த வாரத்தின் நல்ல கேள்வி. டயரில் தொடங்குங்கள், தம்பி. உடம்பை எந்த அளவிலும் கட்டலாம், டயர் மட்டும் கிடைக்கிற அளவுதான். டிமோ பட்டா என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் நீளம் 3,800 மில்லிமீட்டர், அகலம் 1,500, இரு அச்சுக்கு இடையே 2,100. 12 அங்குல றிம்மில் ஏறும் டயரோடு சக்கரம் 540க்குக் கிட்ட வரும். 30.4 மில்லிமீட்டர் டயர் தாராளமாகக் கிடைக்கும். 540ஐ அதனால் வகுத்தால் 18க்குச் சற்றுக் குறைவு. ஆகவே 1:18 அளவு. மிச்சம் கணக்குத்தான்: நீளம் 211 மில்லிமீட்டர், அதாவது 26 குமிழ், அகலம் 10 குமிழ், அச்சு இடைவெளி 14 அல்லது 15.

அடித்தட்டை இரண்டு அடுக்குப் பிளேட்டால் போடுங்கள், கீழே குறுக்கு, மேலே நெடுக்கு. கெபினும் தட்டும் சந்திக்கும் இடத்தில் இரண்டு அடுக்கின் மூட்டும் ஒரே கோட்டில் வந்தால் தூக்கும்போது அங்கேயே முறியும். மேல் அடுக்கு அந்த இடத்தை இரு பக்கமும் மூன்று நான்கு குமிழாவது தாண்டிப் போக வேண்டும். அகலம் 10 என்பதால் நடுக்கோடு இரண்டு குமிழுக்கு இடையில் விழும், நம்பர் பிளேட்டை நடுவில் வைக்க நடுவில் ஒற்றைக் குமிழ் மட்டும் உள்ள ஜம்பர் பிளேட் தேவை. முகப்பைப் பக்கக் குமிழ் பிரிக்கில் நிறுத்தினால் தட்டையாக, உண்மைபோல வரும். பின்தட்டின் தரைக்கு டைல் போட்டு ஆங்காங்கே நான்கு குமிழை மட்டும் விடுங்கள், சரக்கு நிற்பதற்கு. பின்கதவுக்குக் கிளிப்பும் கம்பியும் போதும்.

நிறம் வெள்ளை. அப்பாவின் வண்டி நீலம் என்றாலும் முதல் முயற்சி வெள்ளையில் இருக்கட்டும், எல்லா வடிவமும் மலிவாகக் கிடைக்கும். துண்டு வாங்கும் முன் பிரிக்லிங்க் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் கட்டிப் பாருங்கள். அந்த நிறத்தில் வராத துண்டை அது காட்டிக்கொடுக்கும், பட்டியலையும் தானே எழுதும். என் மதிப்பில் 450 முதல் 600 துண்டு. ஒரே விற்பனையாளரிடம் முக்கால்வாசி கிடைக்கிற மாதிரிப் பட்டியலைத் திருத்துங்கள். மூன்று நாட்டுக் கடையில் பிரித்து வாங்கினால் மூன்று கூலி. தறப்பாளுக்குப் பிரிக் வேண்டாம், பழைய குடைத்துணி போதும்.

கேள்வி: அசல் 10290 என்னிடம் இருக்கிறது. வண்டியோடு வரும் கரட், டர்னிப், பூசணி எல்லாம் சரி. ஆனால் தட்டு நிறைய லீக்ஸ் ஏற்ற வேண்டும், அதற்குப் போதாது. எங்கே வாங்கலாம்?
— கந்தப்பளை

பதில்: கந்தப்பளையில் லீக்ஸ் தட்டுப்பாடா! வாங்காதீர்கள், கட்டுங்கள். வெள்ளை 1×1 வட்டப் பிரிக் ஒன்று, அதன் மேல் இளம்பச்சை வட்டப் பிளேட் ஒன்று, உச்சியில் பச்சை இலைத் துண்டு ஒன்று. ஒரு லீக்ஸுக்கு மூன்று துண்டு. முப்பது கட்டினால் தட்டு நிறையும். படுக்கவைத்து ஏற்றுங்கள், வேர்ப்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி.